எச்செவேரியா போன இடமெல்லாம்

நர்சரிகளில் சின்னத் தொட்டிகளில் அடுக்கி விற்கும் வண்ணச் சக்குலென்ட் செடிகளில் பெரும்பகுதி எச்செவேரியா என்ற பேரினத்தின் வாரிசுகள். தண்டு கண்ணுக்கே தெரியாது; தடித்த இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ரோஜா அடுக்கில் விரிந்திருக்கும். சாம்பல் நீலம், ஊதா, இளஞ்சிவப்பு, செம்பு என்று ஒரே செடியில் மூன்று நான்கு சாயல்கள் தெரியும். இவற்றில் அப்படியே காட்டிலிருந்து வந்தவை குறைவு. ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொரு செடியின் சூல்முடியில் மனிதர் தொட்டுவைத்துப் பெற்ற கலப்பினங்களே அதிகம். அதனாலேயே இவற்றை முழுக்க மனிதக் கைவேலை என்று எண்ணும் பழக்கம் வந்துவிட்டது. எங்கும் வளரும், வாரம் ஒருமுறை தண்ணீர் காட்டினால் போதும் என்று விற்பவர்களும் சொல்கிறார்கள். இச்செடியின் இருநூறாண்டு வரலாறு நேர்மாறானதைச் சொல்கிறது. கலப்பினம் உண்டாக்கியவர்கள் நிறத்தை மாற்றினார்கள், அளவைப் பெருக்கினார்கள், இலை விளிம்பைச் சுருட்டினார்கள். மெக்சிகோ மலையில் அதன் முன்னோர் பழகிய வாழ்முறை மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இந்தத் தொழில் எந்த ஊர்களில் வேர்விட்டது, எந்த ஊர்களில் வாடியது என்று வரிசையாகப் பார்த்தால் அது தெரியவரும்.

முதலில் அந்த மலை. எச்செவேரியா அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து தென்னமெரிக்கா வரை ஆங்காங்கே காணப்பட்டாலும் அதன் தாய்வீடு மெக்சிகோதான். வாஹாகா, புவெப்லா, இதால்கோ போன்ற மாநிலங்களின் மலைகளில், பெரும்பாலும் 1,000 மீட்டருக்கு மேல், பல இனங்கள் 2,000 மீட்டரையும் தாண்டி வளர்கின்றன. பாறை வெடிப்பில் ஒரு கைப்பிடி மண்கூட இருக்காது. மக்கிய இலைத்தூளும் பாசியும்தான் வேருக்குப் பிடிமானம். மழை உண்டு. கோடையில் தாராளமாகவே பெய்யும். ஆனால் செங்குத்துப் பாறையில் விழும் நீர் நிமிடத்தில் வழிந்தோடிவிடும். காற்று இலைகளைத் துவட்டிவிடும். மழைக்காலம் முடிந்தால் பல மாதம் வறட்சி. பகலில் மெல்லிய மலைக்காற்றினூடே வெயில் சுரீரென்று இறங்கும். பொழுது சாய்ந்ததும் வெப்பம் சட்டென்று விழும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் மெக்சிகோ நகரத்தில் கோடை இரவுகளும் 12 டிகிரியை ஒட்டியே இருக்கும். இலை தடித்ததும் அதன்மேல் வெண்பூச்சு படிந்ததும் விளிம்பு சிவந்ததும் இந்த நிலைமைகளுக்கு ஈடுகொடுக்கத்தான். வெண்பூச்சு என்பது மெழுகு. அது வெயிலின் கடுமையைத் திருப்பி அனுப்புகிறது, இலையின் ஈரத்தைக் காக்கிறது. சிவப்பு என்பது ஆந்தோசயனின் என்ற நிறமி. வெளிச்சம் மிகுந்து இரவு குளிரும்போது இலையில் அது கூடுகிறது.

ஐரோப்பா இச்செடியை மலையோடு சேர்த்து அறியவில்லை. பெருமளவுக்குத் தாளில்தான் அறிந்தது. ஸ்பெயின் அரசு 1787-ல் தொடங்கிய தாவர ஆய்வுப் பயணம் மார்ட்டின் தெ செஸ்ஸே தலைமையில் மெக்சிகோவைச் சுற்றியது. ஹோசே மரியானோ மொசீனோ அதன் முக்கியத் தாவரவியலாளர். அத்தனாசியோ எச்செவேரியா என்ற இளைஞர் அதன் ஓவியர்களில் ஒருவர். ஸ்பெயினில் அரசியல் குலைந்தபோது மொசீனோ அந்த ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு பிரான்சுக்குப் போனார்; அவை தாவரவியலாளர் அகுஸ்தென் பிரமுஸ் தெ காண்டோல் பார்வைக்கு வந்தன. ஊர் திரும்பும் வாய்ப்பு வந்து 1817-ல் மொசீனோ படங்களைத் திருப்பிக் கேட்டபோது, ஜெனீவா நகரத்தில் படம் வரையத் தெரிந்தவர்களையெல்லாம் தெ காண்டோல் திரட்டினார். பெண்கள் பெருந்திரளாக வந்தனர். ஏறக்குறைய பத்து நாளில் ஓராயிரம் படங்களுக்கு மேல் நகலெடுக்கப்பட்டன. அசல் படங்கள் பிறகு பார்சலோனாவில் ஒரு குடும்பத்தின் கையில் தங்கிப்போய், 1981-ல்தான் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள ஹன்ட் நிறுவனத்துக்கு வந்துசேர்ந்தன. தெ காண்டோல் 1828-ல் இந்தப் பேரினத்துக்கு ஓவியரின் பெயரையே வைத்தார். செடியைப் பார்த்து வரைந்த கலைஞனுக்கு இப்படியொரு மரியாதை கிடைத்தது எனக்கு மனநிறைவு தருகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாளில் இலையின் வடிவம் வரும், நிறம் வரும். மலையின் இரவு வராது. அடுத்த ஒரு நூற்றாண்டு ஐரோப்பா இச்செடியை ஒரு வடிவமாகவும் நிறமாகவும் மட்டுமே கண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

இரவு ஏன் முக்கியம் என்பதற்கான ஆரம்பத் தடயங்களில் ஒன்று மெக்சிகோவிலிருந்து வரவில்லை, நம் பக்கத்திலிருந்து போனது. பெஞ்சமின் ஹைன் என்ற ஜெர்மானியர் மொரேவிய சபையின் ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணப் பணியில் மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் இருந்து, 1819-ல் சென்னையிலேயே காலமானார். எச்செவேரியாவின் குடும்பத்தைச் சேர்ந்த ரணகள்ளியின் இலையை அவர் வெவ்வேறு பொழுதுகளில் மென்று பார்த்தார். கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் புத்தகத்துக்குள் வைத்து விளையாடும் அதே செடி. காலையில் இலை புளித்தது. நண்பகலில் புளிப்பு போய்ச் சப்பென்று ஆனது. 1813-ல் அவர் எழுதிய கடிதமாக லண்டன் லின்னேயக் கழகத்துக்குப் போய், 1815-ல் அச்சேறியது இந்தச் செய்தி. இதன் பொருள் முழுதாக விளங்க இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை இழுக்கும். இக்குடும்பத்துச் செடிகள் பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து, இழுத்த வாயுவை மாலிக் அமிலமாகச் சேர்த்துவைத்து, மறுநாள் வெளிச்சத்தில் அதைச் சர்க்கரையாக்குகின்றன. காலைப் புளிப்பு அந்தச் சேமிப்பு. இரவு குளிர்ந்தால் சேமிப்பு பெருகும். இரவும் வெந்து கிடந்தால் செடி சேர்ப்பதைவிட மூச்சு விடுவதிலேயே செலவழித்துவிடும். தண்ணீரும் உரமும் தப்பாமல் கொடுத்தும் செடி நாளுக்குநாள் மெலிகிறதென்றால் பாதிக் காரணம் இங்கே இருக்கிறது.

இங்கிலாந்து இச்செடியைக் கொண்டாடிய விதம் என் வாதத்துக்கு முதற்சான்று. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே கம்பளப் பாத்தி என்ற தோட்டக்கலை பிறந்தது. குட்டைச் செடிகளை நெருக்கி நட்டு, நிலத்தில் கம்பளம் விரித்தது போன்ற கோலங்களும் எழுத்துகளும் வரைவார்கள். 1868-ல் கிளிவ்டன் மாளிகைத் தோட்டத்தில் ஜான் பிளெமிங் சதர்லாந்துச் சீமாட்டியின் பெயரெழுத்துகளை அப்படி நட்டபோது, அதில் எச்செவேரியாவும் இடம்பெற்றது. எச்செவேரியா செக்குண்டாவின் சாம்பல் நீல வகை, ஒவ்வொன்றும் ஒரே அளவில் ஒரே வட்டத்தில் இருப்பதால் பாத்தியின் கரைகட்ட அச்சாகப் பொருந்தியது. 1903-ல் எடின்பரோவின் பிரின்சஸ் தெருப் பூங்காவில் அமைத்த மலர்க் கடிகாரத்துக்கும் இதே வகைச் செடிகள்தான் உதவின. அந்தக் கடிகாரம் இன்றும் ஆண்டுதோறும் நடப்படுகிறது. ஆனால் பாத்தியில் அது கோடைக்கு மட்டும் வந்து போகும் விருந்தாளி. இலையுதிர்காலம் வந்ததும் ஆயிரக்கணக்கான செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கண்ணாடிக் குடில்களுக்குள் கொண்டுபோய், நிலக்கரி எரித்துச் சூடேற்றிய அறைகளில் குளிர்காலத்தைக் கழிக்கவைத்து, பக்கக்கன்று பிரித்து, வசந்தத்தில் மறுபடி நட வேண்டும். கரியும் கையும் மலிவாக இருந்தவரை இது நடந்தது. முதல் உலகப்போருக்குப் பின் தோட்டக்காரர்களும் கரியும் கிடைப்பது அருகியதும் மாளிகைகளின் கம்பளப் பாத்திகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

இதை மறுத்து ஒருவர் சொல்லலாம்: அதை அழித்தது வானிலையல்ல, ரசனை. 1870-ல் வில்லியம் ராபின்சன் வெளியிட்ட ‘தி வைல்டு கார்டன்’ நூலும், 1883-ல் வந்த அவருடைய ‘தி இங்கிலிஷ் பிளவர் கார்டன்’ நூலும் இந்த வகைச் செயற்கைப் பாத்திகளைக் கடுமையாகத் தாக்கி, இயல்பாக வளரும் தோட்டங்களை முன்னிறுத்தின. பணக்காரர்களின் விருப்பம் மாறிவிட்டது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் ரசனை மட்டுமே காரணமானால், நகராட்சிப் பூங்காக்களிலும் கடற்கரை ஊர்களிலும் கம்பளப் பாத்தி ஏன் பல பத்தாண்டுகள் நீடித்தது? அங்கெல்லாம் நகராட்சிக்குச் சொந்தமான குடில்களும் சம்பளத்துக்குத் தோட்டக்காரர்களும் தொடர்ந்து இருந்தார்கள். செடிக்குத் தேவையான வானிலையைக் காசு கொடுத்து வாங்க முடிந்த இடத்தில் அது தங்கியது. வாங்க முடியாமல் போன இடத்திலிருந்து கிளம்பியது. ரசனை வாசலைக் காட்டியிருக்கலாம். கணக்குப் புத்தகம்தான் வெளியே அனுப்பியது.

கலப்பினத் தொழில் தொடங்கியதும் இங்கிலாந்தில் அல்ல, மார்செய் நகரில். அங்கு நர்சரி வைத்திருந்த ஜான் பப்தீஸ்த் தெலேய் 1870-களில் எச்செவேரியாக்களைத் திட்டமிட்டுக் கலந்தார். அப்போது ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்தவை இரண்டு: கரைகட்டப் பயன்பட்ட சாம்பல் நீலச் செக்குண்டா, செம்பும் ஊதாவும் மின்னும் பெரிய இலைகொண்ட கிப்பிஃப்ளோரா மெட்டாலிக்கா. முதலாவது சிறியது, உறுதியானது, கன்றுகளாகப் பெருகுவது. இரண்டாவது கம்பீரமானது, ஆனால் ஒற்றைத் தண்டில் உயர்ந்து நின்றுவிடும், எளிதில் கன்று விடாது. இரண்டையும் சேர்த்துப் பெற்றதுதான் இம்பிரிக்காட்டா. ஓட்டுக்கூரைபோல் ஒன்றையொன்று தழுவிய நீல இலைகளோடு உள்ளங்கை அகலத்துக்கு விரியும் அது, எச்செவேரியாக் கலப்பினங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. ஒன்றரை நூற்றாண்டு கழித்து இன்றும் உலகெங்கும் தோட்டங்களில் இருக்கிறது. தெலேய் தம் விற்பனைப் பட்டியல்களில் பெயரிட்ட மற்றவற்றில் பல இன்று எங்கும் இல்லை. ஏன் இது மட்டும் தப்பியது? அழகு காரணமல்ல, அழகில் அதை வென்றவை இருந்திருக்கும். தாய்ச்செடியைச் சுற்றி ஆண்டுதோறும் ஏழெட்டுக் கன்றுகள் தாமாக முளைப்பதால், அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் செத்தாலும் இன்னொருவரிடம் அது உயிரோடிருந்தது.

இங்கே ஒரு நுணுக்கத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கலப்பினத்தின் விதையை விதைத்தால் அதே செடி வராது. ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு விதமாக இருக்கும். ஆகவே நமக்குப் பிடித்த ஒரு கலப்பினம் என்பது ஒரே ஒரு நாற்று. உலகெங்கும் உள்ள அதன் பிரதிகளெல்லாம் அந்த ஒரு நாற்றின் உடலிலிருந்து பிரிந்தவை. பிரிக்கும் வழி எளிது. அடியிலிருக்கும் நல்ல இலை ஒன்றைப் பிடித்து இடமும் வலமுமாக மெல்ல அசைத்தால் தண்டை விட்டுச் சுத்தமாகக் கழன்றுவரும். இலையின் அடிநுனி கிழியாமல் முழுதாக இருக்க வேண்டும், ஏனென்றால் வேரும் குருத்தும் அந்த நுனியிலிருந்துதான் வரும். நிழலில் இரண்டு மூன்று நாள் போட்டால் வெட்டுவாய் காய்ந்து மூடிக்கொள்ளும். பிறகு ஈரம் பட்டும் படாமலும் இருக்கும் மணலின்மேல் கிடத்தினால், சில வாரங்களில் இளஞ்சிவப்பு நூலாக வேர் எட்டிப்பார்க்கும். அதை ஒட்டி, கடுகளவில், எல்லா இலைகளும் அடுக்கோடு அமைந்த ஒரு முழுச் செடி தெரியும். தாய் இலை தன் சாற்றையெல்லாம் அதற்குக் கொடுத்துச் சுருங்கிக் காகிதமாகும். கிப்பிஃப்ளோரா வழிவந்த பெரிய, சுருள்விளிம்புக் கலப்பினங்கள் இப்படி எளிதில் பெருகுவதில்லை. அவற்றுக்குத் தலையை வெட்டி நட்டு, அடித்தண்டில் புதுக்குருத்து வரக் காத்திருக்க வேண்டும். அல்லது பூந்தண்டில் இருக்கும் சின்ன இலைகளை எடுத்து முளைக்கவைக்க வேண்டும். ஒரு கலப்பினம் வரலாற்றில் நிலைப்பதும் நிலைக்காததும் இந்தக் கைவேலையின் எளிமையைப் பொறுத்தே பெரிதும் அமைந்திருக்கிறது.

20-ஆம் நூற்றாண்டில் தொழில் ஜெர்மனி வழியாகவும் போயிற்று. ஊதா படர்ந்த பெர்லெ ஃபான் நூர்ன்பெர்க் 1930-களின் ஜெர்மானியக் கொடை. ஆனால் இந்தத் தொழில் நிலையாகக் குடியேறிய இடம் கலிபோர்னியாக் கடலோரம். சான்பிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பூங்காவில் பணிபுரிந்து, அங்குள்ள ஸ்ட்ரைபிங் தாவரத் தோட்டத்தின் முதல் இயக்குநரான எரிக் வால்தர், இந்தப் பேரினத்தை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தார். அவர் இறந்து பல ஆண்டு கழித்து, 1972-ல், கலிபோர்னிய அறிவியல் கழகம் வெளியிட்ட ‘எச்செவேரியா’ நூல் இன்றும் அடிப்படை நூல். பிகோனியா வளர்ப்பில் உலகப் பெயர் பெற்ற ஃபிராங்க் ரைனெல்ட், மான்டரே வளைகுடாவை ஒட்டிய கேபிடோலாவில் இருந்தபடி ஓய்வுக்காலத்தில் எச்செவேரியாக் கலப்பில் இறங்கினார். டிக் ரைட் முட்டைக்கோஸ் அளவுக்கு விரியும், விளிம்பு நெளிந்த, இலைமேல் முண்டும் முடிச்சும் எழுந்த செடிகளை உண்டாக்கினார்; மௌனா லோவா அவருடையது. புகைப்படக் கலைஞர் டான் வொர்த் உருவாக்கிய ஆஃப்டர்குளோ இன்னொரு அதிசயம். ஸகாதேகாஸ் மாநில மலையில் வளரும், வெண்பூச்சு மூடிய கான்டே இனத்தை, இலை விளிம்பு நெளிந்த ஷாவியானாவோடு அவர் சேர்த்தார். பிறந்ததோ மாலை வானத்தின் ஊதா இளஞ்சிவப்பை இலைமுழுதும் ஏந்தி, ஓரத்தில் இன்னும் பளீரென்ற கோடு போட்ட செடி. இத்தனை பேரும் ஒரே கடற்கரை மாநிலத்தில் கூடியது தற்செயலா? பகலில் வெயில், மாலையில் பசிபிக் கடலிலிருந்து ஏறிவரும் குளிர்ந்த மூடுபனி, கடும் உறைபனி அரிதான குளிர்காலம். இரவுக்காகக் குடிலோ கரியோ தேவையில்லை. வெளித்திண்ணையில் தட்டு தட்டாக நாற்றுகளை வைத்து ஆயிரத்தில் ஒன்றைப் பொறுக்கலாம். மெக்சிகோ எல்லை பக்கத்தில் இருந்தது, செடி கிடைப்பது எளிது, 1929-லேயே பசதீனாவில் கள்ளிச்செடி ஆர்வலர் சங்கம் தோன்றிவிட்டது என்பவையும் உதவின. ஆனால் சங்கங்கள் உலகில் எத்தனையோ ஊர்களில் தோன்றின. ஆயிரம் நாற்றைச் செலவில்லாமல் வெளியில் வளர்த்துப் பார்க்கும் வசதி எல்லா ஊருக்கும் இல்லை.

இவ்வளவு தாராளமாகக் கலக்க முடிந்ததற்குச் செடியின் உடலமைப்பே காரணம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ஊல் மெக்சிகோவின் இந்தக் குடும்பத்துச் செடிகளின் குரோமோசோம்களை எண்ணுவதில் பல பத்தாண்டுகளைச் செலவிட்டார். எண்ணிக்கை இனத்துக்கு இனம் தாறுமாறாக வேறுபட்டது. செடம் சுவாவியோலென்ஸ் என்ற சிறு செடியில் அவர் கண்டது ஏறக்குறைய 640. பூக்கும் தாவரங்களில் அறியப்பட்ட மிக உயர்ந்த எண்களில் அது ஒன்று. எண் இப்படி வேறுபட்டால் கலப்பு நடக்காது என்றுதான் பாடநூல் சொல்லும். இவை கலந்தன. எச்செவேரியாவோடு கிராப்டோபெட்டலம், பாக்கிஃபைட்டம், செடம் என்று வேறு பேரினங்களும் கலந்தன. ஊல் தாமே இப்படி நூற்றுக்கணக்கான கலப்புகளைச் செய்து காட்டினார். இன்று கடைகளில் கிராப்டோவேரியா, பாக்கிவேரியா என்ற பெயர்களோடு நிற்பவை இப்படிப் பேரினம் தாண்டிய பிள்ளைகள். ஊலின் வேலையை நான் இன்னொரு கோணத்திலும் படிக்கிறேன். இவ்வளவு தூரத்துச் சொந்தங்கள் கலந்தும் புதுமை வந்தது வடிவத்திலும் வண்ணத்திலும்தான், ஏனென்றால் கலந்த பெற்றோரில் பெரும்பாலும் இருவருமே மெக்சிகோவின் குளிர்ந்த, வறண்ட பாறைகளில் பழகியவர்கள். இரண்டு பக்கமும் ஒரே வழக்கம் இருந்தால் பிள்ளை வேறு எதைக் கற்கும்?

கொரியாவைக் காட்டி இந்த வாதத்தை மறுப்பவர்கள் உண்டு. அங்கே குளிர்காலத்தில் பனி உறையும்; கோடையில் பருவமழையும் புழுக்கமும். அப்படியிருந்தும் கடந்த இருபது ஆண்டுகளில் வண்ணச் சக்குலென்ட் வணிகத்தில் கொரியா முன்வரிசைக்கு வந்துவிட்டது. வானிலைதான் எல்லாம் என்றால் இது எப்படி? அங்கே தொழில் நடப்பது வெளித்திண்ணையில் அல்ல. வெப்பமூட்டிய பிளாஸ்டிக் குடில்களில், காற்றாடிகளும் மழைத்தடுப்பும் நிழல்வலையும் வைத்துத்தான் நடக்கிறது. செடி தன் நிறத்தின் உச்சத்தைத் தொடுவது பகலும் இரவும் வெகுவாக வேறுபடும் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும். புழுக்கக் கோடை அங்கும் அழுகலோடு போராடும் காலம். விக்டோரியா காலத்து இங்கிலாந்து கரியால் செய்ததைக் கொரியா மின்சாரத்தால் செய்கிறது. பணத்தால் எதைச் செய்ய முடியாது என்பதற்கும் அதே நாட்டின் சந்தை சான்று தந்தது. எச்செவேரியாவின் நெருங்கிய சொந்தமான டட்லியா, கலிபோர்னியாவின் கடற்பாறைகளில் வெண்மை பூசி வளரும். 2018-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான டட்லியாக்களை இரவோடிரவாகப் பாறையிலிருந்து பெயர்த்துக் கிழக்காசியச் சந்தைக்கு அனுப்பிய கும்பல்கள் பிடிபட்டன. கலிபோர்னியா 2021-ல் தனிச்சட்டமே இயற்றியது. குடிலில் விதைபோட்டு அதே உருவத்துக்குக் கொண்டுவரப் பல ஆண்டு ஆகும் என்பதால் கடலும் பனியும் வளர்த்துவைத்ததைத் திருடுவது அவர்களுக்கு லாபமாக இருந்தது. பாறை வெறுமையாவதைப் பொருட்படுத்தாத அந்த வணிகம் வெட்கக்கேடானது. செடியை நேசிப்பவர்கள் அதை வாங்காமல் இருப்பதே அதற்குத் தடை. சீனாவின் கதை இதைவிட எளிது. அங்கே ஆர்வலர்கள் யுன்னான் மாநிலத்தைத் தேடிப்போகிறார்கள். குன்மிங் நகரம் சுமார் 1,890 மீட்டர் உயரத்தில், ஆண்டெல்லாம் வசந்தம் என்று பெயர் பெற்றது. செடிகள் அங்கே வெளியிலேயே நிறமேறுகின்றன.

இந்தியாவிலும் அதே ஒழுங்கு. இமயத்தின் அடிவாரத்தில் 1,250 மீட்டர் உயரத்திலுள்ள காலிம்போங் கள்ளிகளுக்கும் சக்குலென்ட்களுக்கும் பெயர்பெற்றது. தமிழ்நாட்டில் உதகமண்டலம் ஏறக்குறைய 2,240 மீட்டர், மெக்சிகோ நகரத்தின் அதே உயரம்; இரவுகளும் அதேபோல் குளிர்ந்தவை. அங்கு மழையிலிருந்து மறைத்து வைத்தால் போதும், எச்செவேரியா தானாகச் சிவக்கிறது. அதே செடி சமவெளிக்கு வந்ததும் கதை மாறுகிறது. சென்னையில் மே மாத இரவு 27, 28 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் இறங்குவதில்லை. முதல் மாதம் ஊதா மங்கிப் பச்சையாகும். வெளிச்சம் போதாத வரவேற்பறையில் வைத்தால் அடுக்கு கலைந்து தண்டு நீளும். வடகிழக்குப் பருவமழையில் இலைகள் கண்ணாடிபோல் ஊடுதெரியத் தொடங்கும். தொட்டால் கொழகொழவென்று உதிரும். அது வேரழுகல். செடி இறந்தபின் பலர் தம் கையைக் குறைசொல்கிறார்கள். விற்றவர் எந்த உயரத்தில் வளர்ந்த செடி என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் இந்த மனக்குறை பாதி குறையும். சமவெளியில் வளர்க்க விரும்புவோர்க்கு வரலாறு சொல்லும் வழி இதுதான்: தென்னை நார்க்கழிவைக் குறைத்து, பொடிச்சரளையும் கரடுமுரடான ஆற்றுமணலும் பாதிக்குமேல் சேர்த்த கலவை, அடித்துளை பெரிதான மண்தொட்டி, காலை வெயில் முழுதும், உச்சிவெயிலுக்கு நிழல்வலை, மழை படாத, காற்று நிற்காத மாடி ஓரம். கோடையில் செடி சோம்பிக் கிடக்கும், அப்போது தண்ணீரைக் குறைக்க வேண்டும், அதுவும் பொழுது சாய்ந்து தொட்டி ஆறியபின்தான். மார்கழி தைக் குளிரில்தான் அது விழிக்கும். உரமும் தொட்டி மாற்றலும் அப்போது. இலையடுக்கின் நடுவில் நீர் தேங்க விடக்கூடாது. பஞ்சுப்பொதிபோல் அங்கே ஒட்டும் மாவுப்பூச்சியை, தூரிகை நுனியில் ஆல்கஹால் தொட்டு எடுக்கலாம். விரல் படாமல் எடுப்பது நல்லது. வெண்பூச்சில் விழுந்த கைரேகை அந்த இலை உதிரும்வரை மறையாது.

கடைசியாக மிக வலுவான ஒரு கேள்வி மிஞ்சுகிறது. நெல்லையும் தக்காளியையும் ஊருக்கேற்ப மாற்றிய மனிதனால் இதை மட்டும் மாற்ற முடியாதா? முடியாது என்று நான் சொல்லவில்லை. இதுவரை யாரும் அதற்காக முனைந்து பொறுக்கியதாகத் தெரியவில்லை என்பதே வரலாறு காட்டுவது. மார்செயும் கேபிடோலாவும் தம் திண்ணையில் நன்றாக வளர்ந்த ஆயிரம் நாற்றில் அழகானதைத் தேர்ந்தன. வெப்ப இரவைத் தாங்கியது எது என்று கேட்கும் அவசியம் அவர்களுக்கு வரவில்லை. மாற்றம் சாத்தியம் என்பதற்கான குறிப்பு கையருகே இருக்கிறது. நம் சமவெளி மாடிகளிலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் செடி கிராப்டோபெட்டலம் பராகுவாயென்ஸ். பெயரில் பராகுவே இருந்தாலும் அது மெக்சிகோச் செடிதான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் தெரியாமல் நியூயார்க்குக்கு வந்து, 1914-ல் தப்பான நாட்டுப் பெயரோடு விவரிக்கப்பட்டது. அதன் காட்டுச் சொந்தம் பின்னர் தமாவுலிபாஸ் மாநிலத்தில், வளைகுடாக் கடலின் வெப்பக்காற்று எட்டும் தாழ்ந்த குன்றில் கிடைத்தது. பராகுவாயென்ஸை எச்செவேரியா கிப்பிஃப்ளோராவோடு சேர்த்துப் பெற்ற ஃபிரெட் ஐவ்ஸ் என்ற செடி, கலப்பினங்களிலேயே முரட்டு உடம்புக்காரன் என்று வளர்ப்பவர்களிடம் பெயரெடுத்திருக்கிறது. பெற்றோரில் ஒருவர் தாழ்நிலத்துக்காரர் என்றால் பிள்ளைக்கும் அந்தத் தாங்குதிறன் இறங்குகிறது. அப்படியானால் சமவெளிக்கான எச்செவேரியாவை உதகையில் பொறுக்க முடியாது. கிராப்டோபெட்டலம் வழிவந்த விதைகளைத் திருச்சியிலோ மதுரையிலோ ஒரு மொட்டைமாடியில் விதைத்து, இரண்டு மூன்று கோடையும் பருவமழையும் கழிந்தபின் எஞ்சிய சிலவற்றைத் தாயாக்கி மறுபடி கலக்க வேண்டும். நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தெலேயின் கலப்பினங்களில் நிலைத்ததும் கன்று விடும் செடிதான்.